பினாங்கில் எட்டு மணி நேரம்: கப்பலிலிருந்து இறங்கிக் குடும்பத்தோடு சொந்தமாகச் சுற்ற

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வரும் உல்லாசக் கப்பல்கள் அணைவது ஸ்வெட்டன்ஹாம் துறையில். ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிற சரக்குத் துறைமுகம் இல்லை இது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசற்படி. கேட்டைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் மாரியம்மன் கோயில். அதனால் கப்பலுக்குள் விற்கும் ‘நகர் உலா’வுக்கு நாலு பேருக்குப் பணம் கட்டுவது இந்த ஊரில் வீண். போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் பார்க்க நினைத்தால் கதை வேறு. அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம், வர அதே அளவு, நெரிசலுக்குக் கணக்கே கிடையாது. அதற்குக் கப்பல்காரர்களின் பேருந்தில் போவதுதான் புத்திசாலித்தனம். பினாங்கில் இரண்டு கால் போதும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

பெரும்பாலான பயணங்கள் சிங்கப்பூரில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் சறுக்குவது இங்கேதான். கப்பல் ஏறிய கணமே நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர். திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. ஆகவே சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். விசா தாள் கைக்கு வந்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவர் தாளிலும் அந்த வரியைப் பாருங்கள். நான்கு தாளில் ஒன்று மாறியிருந்தாலும் நான்கு பேர் பயணமும் நின்றுவிடும். சிங்கப்பூரின் மின் வருகை அட்டையையும் திரும்பி வருவதற்கு மறுபடி நிரப்ப வேண்டும்.

மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு தருகிறது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், உங்கள் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைக் கரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எல்லா பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதச் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும்.

வாடகை வண்டி அழைக்க உதவும் கிராப் செயலியை ஊரிலேயே நிறுவி, எண்ணைப் பதிந்து, வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். கடவு எண் இந்திய சிம்முக்குத்தான் வரும். துறைமுக வாசலில் நின்றுகொண்டு அதற்காகக் காத்திருப்பது வேதனை. ஜார்ஜ் டவுன் வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கைபேசி விமானப் பயன்முறையிலேயே இருக்கட்டும். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொண்டால், சும்மா சட்டைப் பையில் கிடந்ததற்கே பில் ஏறும்.

முந்தின இரவு: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

மறுநாள் நிகழ்ச்சித் தாள் அறைக்கோ கப்பல் செயலிக்கோ வந்துவிடும். அதில் மூன்றைப் படம் எடுத்து வையுங்கள்: கப்பல் புறப்படும் நேரம், எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், துறைமுக முகவரின் தொலைபேசி எண். உங்களுக்கு முக்கியமானது இரண்டாவது. எந்தத் துறைமுகமானாலும், துறையில் இடமில்லாமல் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கிவிடும் நாளும் உண்டு. அப்படியானால் கடைசிப் படகின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. கப்பல் 12 மணிக்கு அணைகிறது, இரவு 8 மணிக்குப் புறப்படுகிறது, எல்லாரும் ஏற வேண்டியது 7:30. திரும்பும்போது கட்டடத்துக்குள் ஆள் வரிசை, பை ஸ்கேன் எல்லாம் சேர்த்து முக்கால் மணி வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில்தான் வருவார்கள். அப்படியானால் கேட்டில் 6:45. மழைக்கும் கழிப்பறைக்கும் ‘அம்மா கால் வலிக்குது’வுக்கும் அரை மணி. ஆக 6:15க்கு எங்கே இருந்தாலும் கப்பலை நோக்கித் திரும்பிவிட வேண்டும். முன்பக்கமும் இதேபோல்தான்: 12க்கு அணைந்தாலும் குடிநுழைவு அனுமதி கிடைத்து, மின்தூக்கி வரிசையில் நின்று, கேட்டுக்கு வெளியே வர 1 ஆகிவிடும். தாளில் எட்டு மணி நேரம், கையில் ஐந்து. அந்த ஐந்தை வைத்துத்தான் திட்டம்.

மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம், இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். தாய்லாந்து மலேசியாவுக்கு ஒரு மணி பின்னால். உங்கள் கப்பல் புக்கெட் போய்விட்டுப் பினாங்கு வந்தால், கைபேசி காட்டும் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து யாராவது கட்டிக்கொண்டால் தலைவலி விட்டது.

பையில் போட வேண்டியவை: ஒவ்வொருவரின் கப்பல் அட்டை, பாஸ்போர்ட் (கப்பல் வாங்கி வைத்திருந்தால் அவர்கள் எடுத்துப்போகச் சொன்ன தாள்), பாஸ்போர்ட் நகல், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், குடை இரண்டு, காலுறை, திசுத்தாள், குழந்தைக்கு மாற்றுடை. குடை வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். சிறு குழந்தைகளின் சட்டைப் பையில் உங்கள் கைபேசி எண்ணும் கப்பல் பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

தள்ளுவண்டி வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை ஓடும். மலாயில் காக்கி லீமா, அங்குள்ள தமிழர்கள் வாயில் அஞ்சடி. வெயிலுக்கு அதைப்போல் இதம் வேறில்லை. ஆனால் ஒவ்வொரு கடையின் தரையும் ஒவ்வொரு உயரம், நடுவில் இரண்டு படி, அதைத் தாண்டினால் ஒரு மோட்டார் சைக்கிள், அதற்கப்பால் சாப்பாட்டு மேசை. தள்ளுவண்டியோடு போனால் நூறு மீட்டருக்கு நாலு முறை தெருவில் இறங்கி ஏற வேண்டும். குழந்தையை மார்பில் கட்டிச் சுமக்கும் பைதான் சரி. மூன்று வயதுக்கு மேல் நடக்க விடுங்கள்.

இறங்கியதும்

வாசலில் டாக்சிக்காரர்களும் சுற்றுலாத் தரகர்களும் சூழ்ந்துகொள்வார்கள். பினாங்கு டாக்சியில் மீட்டர் போடுவது அபூர்வம், சொல்லும் விலை கப்பல் கூட்டத்துக்கான விலை. ‘வேண்டாம்’ என்று தமிழில் சொன்னாலே பலருக்குப் புரியும். நிற்காமல் மணிக்கூண்டு வரை நடங்கள். கிராப் வேண்டுமென்றாலும் துறைமுக வாசலில் அழைக்காதீர்கள். வரைபடத்தில் குறி தப்பி விழும், வண்டி வேறு பக்கம் வந்து நிற்கும். கொஞ்சம் தள்ளி, பெயர்ப் பலகை உள்ள கட்டடம் ஒன்றின் முன் நின்று அந்தப் பெயரையே இடமாகக் கொடுங்கள். நாலு இருக்கை வண்டி என்றால் கைக்குழந்தையையும் சேர்த்து நாலு பேர். தாத்தா பாட்டியோடு வந்தவர்கள் ஆறு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மணிக்கூண்டு விக்டோரியா ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக 1897இல் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் எடுப்பித்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். உலகப் போரில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அமைதியாக இருப்பார்கள். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடம். மதிய வெயிலில் அதற்குள் போக வேண்டாம். திறந்த புல்வெளிதான் பெரும்பகுதி, நிழல் கம்மி. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

நடை

மொத்தச் சுற்று சுமார் நான்கு கிலோமீட்டர். வரைபடம் பத்து நிமிடம் என்று காட்டும் தூரத்துக்குக் குழந்தைகளோடு இருபத்தைந்து வையுங்கள். வரிசை முக்கியம்: வெயில் உச்சியில் இருக்கும்போது கூரைக்கடியில், சாய்ந்த பிறகு திறந்த இடத்தில்.

தெருப் பெயர்களுக்கு ஒரு சூத்திரம். லெபு என்றால் தெரு, ஜாலான் சாலை, லோரோங் சந்து. பெயருக்கு முன் ‘காட்’ என்று இருந்தால், உதாரணமாக காட் லெபு சூலியா, அது அதே தெரு கடலை நோக்கி நீளும் துண்டு. வட இந்திய ஆற்றங்கரைகளில் படித்துறையைக் குறிக்கும் ‘காட்’தான் இது, கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டது. வழி தவறினால் ‘காட்’ பலகையைத் தேடி அந்தத் திசையில் நடங்கள். கடலோரச் சாலை வரும், அதில் இடதுபக்கம் திரும்பினால் கப்பல் தெரியும்.

மணிக்கூண்டிலிருந்து லெபு பந்தாய் வழியாக இறங்குங்கள். பந்தாய் என்றால் கடற்கரை. நிலத்தை நிரப்புவதற்கு முன் கடல் இந்தத் தெருவோரம் வரை இருந்தது. பழைய வங்கிக் கட்டடங்களின் தாழ்வாரத்தில் நிழலிலேயே நடக்கலாம். லெபு பாசாரில் வலப்பக்கம் திரும்பினால் லிட்டில் இந்தியா. பாட்டும் சாம்பிராணியும் முன்கூட்டியே வழி சொல்லிவிடும்.

பணம் மாற்ற இதுதான் இடம். மிச்சமிருக்கும் சிங்கப்பூர் டாலரைக் கொடுத்தால் போதும். இரண்டு கடையில் விகிதம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். நாலு பேர் நடையும் சாப்பாடும் என்றால் 200 ரிங்கிட் தாராளம். ஐந்தும் பத்துமாகச் சில்லறை கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘பன்னிரண்டு வெள்ளி’ என்றால் திகைக்க வேண்டாம். மலேசியத் தமிழில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர், சென் என்பது காசு. ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டால் காலை உணவையோ சிற்றுண்டியையோ கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் மலாயா போகச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்களுக்கு வழியில் பினாங்கும் ஒரு துறை. பெரியவர் யாராவது பேச்சுக் கொடுத்தால் உங்கள் மாவட்டம் எது என்றுதான் முதலில் கேட்பார்.

லெபு குயினில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். உச்சிப்பொழுதில் நடை சாத்தியிருக்கும், மாலையில்தான் திறக்கும். அதனால் இப்போது கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். தரிசனம் திரும்பும் வழியில்.

சாப்பிட்டதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் நிறுவியது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்க்கலாம், மேலங்கி அங்கேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் தவிர்த்துவிடுங்கள். லெபு சூலியாவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருப்பதை நாகை மாவட்டத்துக்காரர்கள் தவறவிடக் கூடாது. அங்கிருந்து கூ கொங்சி. கூ குலத்தாரின் மாளிகைக் கோயில் இது. 1901இல் தீப்பிடித்து, 1906இல் கொஞ்சம் அடக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள். ‘அடக்கம்’ எப்படி இருக்கிறது என்று கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நுழைவுக்கட்டணம் உண்டு. மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். முன்னால் உள்ள சதுக்கத்தில் வண்டி வராது, பிள்ளைகளைக் கொஞ்சம் ஓட விடலாம்.

அடுத்த மூலையில் லெபு ஆர்மேனியன். 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் சுவரில் தீட்டிய அக்காவும் தம்பியும், நிஜ சைக்கிள் ஒன்றின்மேல். படம் எடுக்க வரிசை நிற்கும். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் விட்டுவிட்டு நடங்கள், சுற்று வட்டாரத்தில் சுவர் ஓவியங்களுக்குப் பஞ்சமில்லை.

காட் லெபு ஆர்மேனியன் வழியே கடலோரச் சாலையைத் தாண்டினால் சியூ குலத்தாரின் மரத்துறை. கடலுக்குள் நாட்டிய கால்கள்மேல் வீடுகள், நடுவே பலகைப் பாதை. நாலரைக்கு மேல் வெயில் ஊருக்குப் பின்னால் போய்விடுவதால் அப்போதுதான் நடக்க முடியும். பலகைகளுக்கிடையே இடைவெளி உண்டு, பாதை முடியும் முனையில் கைப்பிடி கிடையாது. குழந்தையின் கையை விடவே கூடாத ஒரே இடம் இந்தச் சுற்றில் இதுதான். மக்கள் வாழும் வீடுகள் அவை, திறந்த கதவு வழியே உள்ளே படம் எடுக்காதீர்கள்.

கால் ஓய்ந்துவிட்டால் அருகிலேயே ஜெட்டி பேருந்து நிலையம். அங்கிருந்து ‘கேட்’ (CAT) என்ற இலவசப் பேருந்து பழைய நகரைச் சுற்றி வருகிறது. கட்டணப் பேருந்தில் ஏறினால் சரியான சில்லறை போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். அதே இடத்தில் பட்டர்வொர்த் போகும் படகும் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு இன்னொரு படகு எதற்கு என்பது எங்கள் கட்சி.

சாப்பாடு

நாசி கண்டார் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கொடை. சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் காவடித் தண்டில் மாட்டித் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர். கண்டார் என்பது அந்தத் தண்டு. தட்டில் சோறு வைத்து, நீங்கள் காட்டும் கறியை வைத்து, மேலே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம்: சோறு மிதக்கும் அளவு. பெரிய இறாலும் கணவாயும் மீன் முட்டையும் தனி விலை, கை நீட்டும் முன் ‘இது எத்தனை வெள்ளி?’ என்று கேளுங்கள். பில் எகிறியது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இறாலைக் காட்டியவர்கள். பிள்ளைகளுக்குப் பொரித்த கோழியும் முட்டையும், குழம்பு இல்லாமல். அதைத் தமிழிலேயே சொல்லலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே வாழையிலைச் சாப்பாட்டையோ தோசையையோ முடித்துவிடுவது நல்லது. வெளியே ‘சாயூர்’ என்று பலகை பார்த்து நம்பிவிடாதீர்கள். சாயூர் என்றால் காய்கறி, அவ்வளவுதான். கீரை வதக்கலிலும் சம்பாலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் முழுக்க மீன் குழம்பு.

‘தே’ என்று கேட்டால் கெட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீர், ‘தே ஓ’ என்றால் பால் இல்லாதது, ‘கூராங் மானிஸ்’ சேர்த்தால் இனிப்பு கம்மி. குழந்தைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டுமா, ‘ஆயர் சுவாம்’. கட்டித் தர ‘பூங்குஸ்’: சூடான தேநீரையே பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், விரலில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கழிப்பறை ‘தண்டாஸ்’, பொதுக் கழிப்பறைக்குச் சில்லறைக் காசு தேவைப்படலாம், திசுத்தாள் இருக்காது. சாப்பிட்ட கடையிலேயே எல்லாரையும் போய்வரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பினாங்கு மலை ஏறலாமா?

கையில் ஆறரை மணி நேரத்துக்குக் குறைவு என்றால் வேண்டாம். கீழ் நிலையம் துறையிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். மதியம் அரை மணியில் போய்விடலாம். மாலை ஐந்துக்கு ஆயர் ஈத்தாம் பக்கம் நெரிசல் தொடங்கினால் அதே தூரம் ஒரு மணிக்கு நீளும். கயிற்று ரயிலில் ஏறுவது சில நிமிடம்தான், வரிசையில் நிற்பதுதான் பொழுதைத் தின்னும். சூரியன் சாயும் நேரத்தில் இறங்கும் வரிசையும் நீளும், அங்கே சிக்கிக் கப்பலை நினைத்து வியர்ப்பது சகஜம். கப்பல் காலை எட்டுக்கே அணைந்தால் மட்டும் முதல் வேலையாக மலைக்குப் போங்கள், போக கிராப், பணம் மிச்சம் பிடிக்க ஜெட்டியிலிருந்து 204 பேருந்து. பதினோரு மணிக்குள் கீழே வந்து, நகரைப் பிறகு பாருங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் இதே விதி: ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், வெயிலுக்கு முன் ஏற வேண்டும்.

திரும்பும்போது

5:30 வாக்கில் மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்தால் 6:15க்கு நிம்மதியாகக் கிளம்பலாம். வாங்கிப்போக: ஜாதிக்காய் வற்றல், தம்பூன் பிஸ்கட். பொட்டலம் பிரிக்காமல் இருந்தால் பெரும்பாலும் கப்பலில் விடுவார்கள். சமைத்த சாப்பாட்டை வாசலிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். டுரியானைக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள், கிராப்பிலும் ஏற்ற மாட்டார்கள். ஆசையாக இருந்தால் கடையிலேயே நின்று தின்றுவிட்டுக் கை கழுவுங்கள்.

நேரம் தப்புகிறது என்று தெரிந்த உடனே, தப்பிய பிறகு அல்ல, தாளில் உள்ள முகவரை அழையுங்கள். கப்பல்காரர்களே நடத்தும் பேருந்து தாமதமானால்தான் கப்பல் காத்திருக்கும், உங்களுக்காகக் காத்திருக்கும் கட்டாயம் அதற்கு இல்லை. கப்பலிடம் உள்ள பாஸ்போர்ட்டை முகவரிடம் இறக்கிவைப்பது வழக்கம், அதற்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த துறைக்கோ சிங்கப்பூருக்கோ சொந்தச் செலவில் விமானம். விமான நிலையம் தெற்கே பாயான் லெப்பாசில், மாலை நெரிசலில் ஒரு மணி நேரத் தூரம்.

கேட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்னால் ஓரமாக நின்று கப்பல் அட்டைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், கடைசியாக எண்ணெய்க் கையோடு படம் எடுத்தவரிடம்தான் அது இருக்கும்.